மயில்கல் பிடி போட்ட கத்திகள்

நத்தமேட்டுவலசில் அமாவாசை விடிந்தால் முதல் வேலை உறிப்பாறைக்குப் போய்க் கத்தி பொறுக்குவது. காக்கைக்குச் சோறு வைப்பது, கோயிலுக்குப் போவது, கசாப்புக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு மாமியார் வீட்டுக்குக் கிளம்புவது எல்லாம் மற்ற ஊர்களைப் போல இங்கேயும் உண்டு, ஆனால் அதெல்லாம் கத்தி பொறுக்கி முடித்த பிறகுதான். கோழிக்கோட்டு மீன்கடையில் முந்தின நாள் சாயங்காலம்வரை அயிலை அரிந்துகொண்டிருந்த கத்தி, கோயம்பேட்டில் வாழைநார் அறுத்த கத்தி, மைசூர்ப் பக்கம் ஓட்டலில் முட்டைக்கோஸ் நறுக்கிய கத்தி, பக்கத்து ஊர் இளநீர்க் கடைக் கத்தி என்று, உள்ளூர்ச் சென்னியப்பன் கையால் மயில்கல் பிடி போட்டு வாங்கிப்போன கத்தி எதுவாக இருந்தாலும், அந்தக் கல்லை வெட்டியெடுத்த பாறையின் வடக்குச் சரிவுக்கு அமாவாசைக் காலையில் வந்து சேர்ந்திருக்கும். பிடியைப் பாறையோடு ஒட்டவைத்துக்கொண்டு, அலகை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு, மடி தேடி முட்டுகிற கன்றுகளைப் போலச் சரிவு நெடுகக் கிடக்கும். அலகில் மீன்செதிலும் வெங்காயச் சருகும் காய்ந்து ஒட்டியிருக்கும்.

எப்படி வருகின்றன என்று ஆரம்பத்தில் கொஞ்சநாள் பேசிப் பார்த்தார்கள். பறந்து வருகின்றன என்றார்கள், யாரும் பார்த்ததில்லை. ஊர்ந்து வருகின்றன என்றார்கள், தடம் இல்லை. கல்லுக்குப் பிறந்த இடத்து ஞாபகம் வந்துவிட்டது, மனுசனுக்கு வருவதில்லையா, விடுங்கள் என்று டீக்கடை ராக்கியண்ணன் சொன்னது ஊருக்குப் போதுமான விளக்கமாக இருந்தது. ஊர் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வேறு விஷயங்களுக்கு. வந்த கத்திகளைக் கழுவுவது யார், மீன்கத்தி கிடந்த இடத்தில் பூசாரியின் தேங்காய்க் கத்தி கிடக்கலாமா, வாங்க வருகிறவர்களுக்கு ஊர்ச்செலவில் சோறு போடுவதா வேண்டாமா என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் நாற்காலி தூக்குகிற அளவுக்குச் சண்டை நடந்து, கடைசியில் கழுவுகிற வேலையை மகளிர் குழு எடுத்துக்கொண்டது. பாறை நிறையக் கத்தி கிடக்கிறது என்று யாரோ சொல்லிப் போலீஸ் ஜீப்பும் ஒருதரம் வந்தது. இறங்கிய அதிகாரி சரிவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, யார்மேல் கேஸ் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தன் வீட்டுக் காய்கறிக் கத்தி பாறையின் மூன்றாம் மடிப்பில் கிடப்பதைக் கண்டு, அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

கத்தி வந்தால் அதன் பின்னாலேயே ஆளும் வந்தாகவேண்டும். வராமல் முடியாது, ஏனென்றால் சென்னியப்பன் பிடி போடுகிற முறை அப்படி. கொல்லன் அடித்துக் கொடுத்த அலகு, பிடிக்குள் போகிற வால் நீட்டிக்கொண்டு மொட்டையாகத்தான் அவனிடம் வரும். கத்திக்குச் சொந்தக்காரர் நேரில் வரவேண்டும். ஆள் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவான். பிசைந்த புற்றுமண் உருண்டையை அவர் கையில் கொடுத்து, எதையோ அறுக்கப் போகிறாற்போல இறுக்கிப் பிடிக்கச் சொல்வான். பிடித்த பிடியிலேயே அவரிடம் ஊர்க்கதை பேசுவான், மழை பற்றிக் கேட்பான், கை தன்னை மறந்து தளர்ந்து தன் வழக்கப்படி உட்காரும்வரை விடமாட்டான். அதற்குப் பிறகு மண்ணைக் காயவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மயில்கல்லில் இரண்டு வில்லை அறுத்து, சாணையில் தண்ணீர் சொட்டவிட்டுக் கடைந்து, வாலின் இரண்டு பக்கமும் பசை தடவி வைத்து, பித்தளை ஆணி இறக்கி, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து இறுக்கச் சுற்றி, பசை காயும்வரை கட்டிப்போட்டுவிடுவான். சாம்பல் நிறக் கல், ஈரம் பட்டால் உள்ளேயிருந்து மயில்கழுத்து நீலம் எட்டிப்பார்க்கும். அந்தப் பிடியை ஒருமுறை பிடித்த கைக்கு வேறு கத்தி பிடிக்காது. அந்தப் பிடியும் இன்னொருத்தர் கைக்கு ஒத்துவராது. ஆகவே கோழிக்கோட்டுக்காரர் திட்டிக்கொண்டே ரயில் ஏறி வந்தார், கோயம்பேட்டுக்காரர் கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு வந்தார்.

இதில் ஒரு வசதி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது தாய்மார்கள்தான். மகன் வேலைக்கு வெளியூர் கிளம்புகிறானா, பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு மயில்கல் பிடிக் கத்தி. மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுக்கிறார்களா, சீர்வரிசையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு மயில்கல் பிடிக் கத்தி. பொங்கலுக்குக்கூட வராத பிள்ளைகள் அமாவாசைக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு வடைக்கு அரைத்தார்கள், தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார்கள், இளைத்துப்போய்விட்டாய் என்று குண்டானவர்களையும் பார்த்துச் சொன்னார்கள். நத்தமேட்டுவலசுக்கு மட்டும் அமாவாசைதோறும் தனி பஸ் விட்டார்கள்.

சென்னியப்பனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்த இடங்களில் அவன் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் காப்பித் தம்ளரைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான் என்று புகார் வந்தது, அது உண்மையும்கூட. அப்பாவும் அம்மாவும் போனபிறகு அடுத்த வீட்டுப் பாவாத்தாள்தான் அவனுக்கு அக்கா முறை, ஆதரவு, அதட்டல் எல்லாம். ஊரே ஆள் வரவால் நிறைந்திருக்க, அவனுக்கென்று பாறைக்கு வர யாரும் இல்லை. அதைப் பற்றி அவன் பெரிதாக நினைத்ததும் இல்லை, தையல்நாயகி வந்து புற்றுமண்ணைப் பிடிக்கும்வரை.

அவள் வெண்ணாற்றங்கரைக்காரி. கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறவள். புருசன் செத்த வருசம் அவன் விட்டுப்போன அண்டாக்களை விற்கச் சொன்ன சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, கரண்டியைத் தானே எடுத்துக்கொண்டவள். ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குச் சமைக்க வந்த இடத்தில் கேள்விப்பட்டு வந்தாள். இடதுகைக்காரி, கடையில் கிடைக்கிற கத்தி எதுவும் அவளுக்கு ஒத்துவரவில்லை. சென்னியப்பன் மண்ணைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல மழை பற்றிக் கேட்டான். அவள் மழை பற்றிச் சொன்னாள், ஆற்றில் தண்ணீர் வருகிற அன்றைக்கு ஊரே கரையில் போய் நிற்பதைச் சொன்னாள், நாலு வண்டிப் பூசணிக்காயை ஒரு காலைப்பொழுதில் நறுக்கியதைச் சொன்னாள். கை எப்போதோ தளர்ந்து தன் வழக்கப்படி உட்கார்ந்துவிட்டது. அவன்தான் போதும் என்று சொல்ல மறந்துபோனான். மண் அவள் கையிலேயே பாதி காய்ந்துவிட்டது.

அந்தப் பிடியைக் கடைந்த நாட்கள் அவனுக்குத் திருவிழா. அவளுடைய சுண்டுவிரல் மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் விலகி நிற்கும், அதற்கொரு பள்ளம். கட்டைவிரல் அலகின் முதுகில் ஏறி உட்காரும், அதற்கொரு மேடு. கல்லை நனைத்து நீலத்தைப் பார்ப்பான், துடைப்பான், மறுபடி நனைப்பான். கத்தியை வாங்கிக்கொண்டு அவள் போன பிறகு, அடுத்த அமாவாசை எப்போது என்று காலண்டரைப் பார்க்கப் போய், தான் என்ன செய்கிறோம் என்று புரிந்து, வெட்கப்பட்டு, பார்த்தேவிட்டான்.

அமாவாசைக்கு அவள் கத்தி வந்தது, அதன் பின்னால் மறுநாள் அவளும் வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். இந்த மாதிரிக் குணமுள்ள கல் என்று முதலிலேயே சொல்லவேண்டாமா என்று கேட்டாள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை எப்படிச் சொல்லாமல் விட்டேன் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவளைச் சாப்பிடச் சொன்னான். அவனுடைய ரசத்தை ஒரு வாய் குடித்து, கீழே வைத்து, எழுந்துபோய் அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இருந்த ஒரு தக்காளியையும் கொஞ்சம் மிளகையும் வைத்து வேறொரு ரசம் வைத்தாள். சாயங்கால பஸ்ஸில் போனாள். அடுத்த மாதம் வந்தபோது கோபம் குறைந்திருந்தது, கூடவே ஒரு பொட்டலம் பெருங்காயம் கொண்டுவந்திருந்தாள். அதற்கடுத்த மாதம் அவன் வீட்டில் காய்கறி வாங்கித் தயாராக வைத்திருந்தான்.

இரண்டு அமாவாசைக்கு நடுவில் கிடக்கிற நாட்களை என்ன செய்வதென்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. அவள் நம்பர் அவனிடம் இருந்தது. கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? கத்தி நன்றாக இருக்கிறதா என்று கேட்கலாம், இருக்கிறது என்பாள், அதோடு முடிந்துவிடும். போனை எடுப்பான், அவள் பேரைத் தேடி எடுப்பான், பார்ப்பான், வைத்துவிடுவான். சாணைச் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, இந்நேரம் எந்த ஊர்க் கல்யாணத்தில் எதை நறுக்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, யாருக்கோ போகவேண்டிய பிடியில் சுண்டுவிரலுக்கு விலகின பள்ளம் வெட்டிவிட்டு, கல்லைத் தூக்கிப் போடுவான்.

இந்தச் சமயத்தில்தான் பாவாத்தாளின் மகன் வராமல் போனான். அவன் மைசூர் ஓட்டலில் வேலை பார்த்தான். கத்தி கைதவறி விழுந்து பிடியின் ஒருபக்கக் கல் உடைந்துபோக, அங்கேயே யாரிடமோ கொடுத்து, அந்த ஊர்க் கருங்கல்லில் ஒரு வில்லை போட்டுக்கொண்டானாம். அந்த அமாவாசையிலிருந்து கத்தி வருவதில்லை. ஒருபக்கக் கல் இந்தப் பக்கம் இழுக்க, மறுபக்கக் கல் அந்தப் பக்கம் இழுக்க, கத்தி நடுவில் நகராமல் நின்றுவிட்டது. கத்தி வராததால் அவனும் வரவில்லை. வேலை அதிகம் என்று போனில் சொன்னான். பாவாத்தாள் மதியம்வரை பாறையில் நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள். ஊருக்கு விஷயம் உடனே விளங்கிவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை, ஆனால் அன்றிலிருந்து கத்தியை நிறுத்துகிற அந்த வழியைப் பற்றி வெளியாட்கள் காதில் விழும்படி யாரும் பேசுவதில்லை.

மழைக்காலம் முடிந்து முகூர்த்தங்கள் தொடங்கியபோது தையல்நாயகி வந்தாள். அன்றைக்கு ரசம் வைக்கவில்லை, உட்காரவுமில்லை. ஒரு பெரிய இடத்துக் கல்யாணம் அமாவாசை கழிந்த இரண்டாம் நாள் இருந்தது. காய் நறுக்கும் நேரத்தில் கத்தியைக் காணோம். வேறு கத்தியில் அவள் கை ஓடவில்லை. பந்தி தாமதமாகி, மாப்பிள்ளை வீட்டார் இலையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கூட வேலைசெய்கிற பெண்கள் வேறு ஆளோடு போய்விடலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"இது எங்கிட்டயே இருக்கிற மாதிரி ஏதாச்சும் பண்ண முடியுமாங்க?" என்று கேட்டாள்.

"முடியாதுங்க," என்றான் சென்னியப்பன்.

சொன்ன மறுநிமிடமே அவனுக்கு வாய் கசந்தது. அவள் கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். அவன் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் என்று சொல்லமுடியாது, எல்லாரையும் போலக் கடன்காரனிடமும் சொந்தக்காரனிடமும் சொல்லியிருக்கிறான், ஆனால் தொழிலில் சொன்னதில்லை. வழியை வெளியே விடவில்லை என்று ஊர் முழுக்க அன்றைக்கு அவனை மெச்சிக்கொண்டது. ராக்கியண்ணன் டீக்குக் காசு வாங்க மறுத்தார். அவன் அந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

அடுத்த அமாவாசைக்கு அவள் வந்தபோது இடதுகையில் துணி சுற்றியிருந்தது. முதல்நாள் கத்தி போன பிறகு, வீட்டில் கிடந்த ஏதோ கத்தியில் சேனைக்கிழங்கு சீவினாளாம், ஆழமாக இறங்கிவிட்டது. கத்தியை வலதுகையால் வாங்கிக்கொண்டாள். அந்தப் பிடியில் வலதுகை உட்காரவே இல்லை. அதைப் பார்த்ததும் சென்னியப்பனுக்குத் தாங்கவில்லை; போன மாதம் முடியாது என்று சொன்னது பொய் என்றும், வழி இருக்கிறது என்றும், ஒருபக்கக் கல்லைக் கழற்றிவிட்டு அவள் ஊர்க் கல்லைப் போட்டால் கத்தி நகராது என்றும் மளமளவென்று சொல்லிவிட்டான். ஏன் பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்கவில்லை.

"எங்க ஊர்ல கல்லே கெடையாதுங்களே," என்றாள்.

அவன் நம்பவில்லை. கல் இல்லாத ஊர் உண்டா? எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான், அதற்குக் கீழே மணல்தான், நாயை விரட்டக்கூட மண்ணாங்கட்டியைத்தான் எடுக்கவேண்டும் என்று அவள் விளக்கினாள். பிறகு ஞாபகம் வந்து, வீட்டில் ஒரு அம்மி உடைந்து கிடக்கிறது என்றாள். அம்மியிலிருந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். அவனும் அதை வில்லையாக்கிப் போட்டுக் கொடுத்தான். அங்கேதான் இரண்டு பேரும் ஏமாந்தார்கள். அந்த அம்மியும் எங்கிருந்தோ வந்த அம்மிதானே, அதன் ஊர் பக்கத்தில் இருந்ததால் இழுப்பும் அதற்குத்தான் அதிகம். அமாவாசைக்குக் கத்தி உறிப்பாறைக்கும் வராமல், அவளிடமும் இருக்காமல், புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்குவாரியில் போய்க் கிடந்தது. குவாரிக் காவலாளி யார்யாரிடமோ விசாரித்து அவளுக்குப் போன் செய்தார். அவள் அங்கே போய்க் கத்தியை வாங்கிக்கொண்டு நேராக இங்கே வந்து, நடந்ததைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். வெகுநேரம் சிரித்தார்கள். இந்த வேலை இப்படியே தப்பிக்கொண்டே இருக்கட்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

ஆனால் தொழில் தெரிந்த கைக்கு விடை தானாக வந்துவிடுகிறது. கல் இல்லாவிட்டால் மண், உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிற ஆற்றங்கரை மண்ணைக் கொண்டுவாருங்கள் என்று அவன் வாயே சொல்லிவிட்டது. ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அதைத் தட்டி, நிழலில் உலர்த்தி, செங்கல்சூளைக்காரரிடம் கொடுத்து அடிச்சூட்டில் வைத்துச் சுட்டு வாங்கினான். கல்லைப் போல ‘கிண்’ என்றது.

அன்றைக்குச் சாயங்காலம் பாவாத்தாள் வேலியோரம் நின்று கூப்பிட்டாள்.

"தம்பி, செய்யப்போறியா?"

"ஆமாங்க்கா."

"கத்தி நகராம நின்னுதுன்னா அவ எதுக்குடா இங்க வாரா? என்னையாட்டப் பாறையில போயி நிக்கோணும், பாத்துக்க."

"அவிய கை அறுபட்டுப்போச்சுங்க்கா," என்றான் அவன். பாவாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் நன்றாகச் செய், அரைகுறையாகச் செய்துவிடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவ்வளவு நல்ல வேலையை அவன் அதுவரை செய்ததில்லை. ஒருபக்கம் மயில்கல்லை அப்படியே விட்டான். மறுபக்கத்தில் போட்டிருந்த அம்மித் துண்டைக் கழற்றி, சுட்டமண் வில்லையை வைத்து, சுண்டுவிரல் பள்ளமும் கட்டைவிரல் மேடும் ஒரு நூல் பிசகாமல் கடைந்து, ஆணிகளை வலிக்காமல் தட்டி இறக்கினான். கத்தியோடு மறுபடி வந்திருந்த தையல்நாயகி, டியூப் சுற்றிக் கட்டிப்போட்டது காயும்வரை அங்கேயே காத்திருந்தாள். அவன் வீட்டுக் காய்கறியையெல்லாம் எடுத்துச் சமைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். கட்டை அவிழ்த்ததும் ஒருபுறம் நீலமும் மறுபுறம் சிவப்புமாக இருந்த பிடியை அவள் இடதுகையில் எடுத்துப் பார்த்தாள். காயம் ஆறியிருந்தது.

"இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இருக்காது," என்றாள்.

தொந்தரவு இல்லீங்க என்று சொல்லியிருக்கலாம். எப்போதாவது வந்துபோங்கள் என்று சொல்லியிருக்கலாம். இவன் பஸ் நேரத்தைச் சொன்னான். அவள் படியிறங்கிக் கொஞ்சம் நின்றாள், பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள், போனாள்.

அமாவாசை வந்தது. சென்னியப்பன் எல்லாருக்கும் முன்னால் பாறை ஏறினான். கத்திகள் கிடந்தன, ஊர் பேர் தெரியாத காய்களின் கறையோடு, பூக்காம்புகளோடு, கோழிமுடியோடு கிடந்தன. சரிவின் மேலிருந்து கீழ்வரை பார்த்தான், கீழிருந்து மேல்வரை பார்த்தான். அவளுடையது இல்லை. அவனுடைய வேலை பழுதில்லாமல் நின்றிருந்தது. இதற்கு முன்னால் எந்த வேலை நன்றாக வந்ததற்காகவும் அவன் இப்படித் துக்கப்பட்டதில்லை. கொஞ்சம் தள்ளிப் பாவாத்தாள் நின்றிருந்தாள். வராது என்று தெரிந்தும் அமாவாசைதோறும் வருகிறவள். மற்றவர்களின் கத்திகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் இறங்கினார்கள்.

மாதங்கள் போயின. அவளுக்கு முகூர்த்தம் தப்பாமல் நடக்கிறது, நாகூர்வரை பேர் பரவியிருக்கிறது என்று கத்தி வாங்கவந்த யாரோ சொன்னார்கள். அவனுக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தை வைத்துக்கொண்டு ஒருவேளைச் சோறுகூடச் சாப்பிட முடியவில்லை. அம்மித் துண்டைப் போடுவதற்காக முதலில் அவள் கத்தியிலிருந்து கழற்றிய மயில்கல் வில்லை ஒன்று அவனிடம் இருந்தது. அவள் விரல் கிடந்த பள்ளங்களோடு அலமாரியில் கிடந்தது. அமாவாசை தவறாமல் காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பான். ஜோடிக்கல் அவளிடம் இருக்கிறது, இது அதைத் தேடிக்கொண்டு கிளம்பிப் போகக்கூடாதா என்று பார்ப்பான். கிழக்குப் பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தான். கதவைத் திறந்துபோட்டு வைத்துப் பார்த்தான். அது அசையவில்லை. அது தன் ஊரில் இருக்கிற கல், எதற்குப் போகவேண்டும்? ஏக்கம் அதற்கு இல்லை, இவனுக்குத்தான்.

தை பிறந்து வந்த அமாவாசையன்று அவன் டீக்கடைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

"அலமாரியில வெச்சிருந்த ஒத்தைக் கல்லக் காணோமுங்க. அந்த வெண்ணாத்துக்காரம்மா கத்தியில இருக்கற ஜோடிக்கல்லைத் தேடிக்கிட்டுப் போயிருச்சாட்ட இருக்குது."

ஊர் உடனே நம்பியது. நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது, பாறையைத் தேடிக் கல் வரும்போது கல்லைத் தேடிக் கல் போகாதா என்று ராக்கியண்ணன் கேட்டார். போன கல்லைப் போய் எடுத்து வருவதுதான் முறை என்று எல்லாரும் ஒருமுகமாகச் சொன்னார்கள். திருச்சியில் எந்த பஸ் ஏறவேண்டும், தஞ்சாவூரில் எங்கே மாறவேண்டும் என்று ஆளுக்கொரு வழி சொன்னார்கள். பாவாத்தாள் கட்டுச்சோறு கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுக்கும்போது அவன் வேட்டியின் இடுப்புச் சுருட்டு ஒருபக்கம் கனத்துத் தொங்குவதைப் பார்த்தாள்.

"நல்லாச் சொருகிக்கடா," என்று மட்டும் சொன்னாள்.

வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பாறைகள் குறைந்துகொண்டே வந்து, பிறகு இல்லாமலே போயின. வயலும் வாய்க்காலுமாகத் தரை தட்டையாக விரிந்து கிடந்தது. கண்ணுக்கெட்டியவரை மேடு என்று ஒன்றில்லாத அந்த ஊரில் இறங்கி, சமையல்காரம்மா வீட்டை விசாரித்துக்கொண்டு அவன் போனபோது, தையல்நாயகி கொல்லைப்புறத்தில் தரையில் உட்கார்ந்து பூசணிக்காய் பத்தை போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் கத்தி பாதிக் காயில் நின்றது. அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னான்.

"என்ற கல்லு ஒண்ணு, உங்க கத்தியோட ஜோடிக்கல்லுங்க, இங்க வந்துருச்சாட்ட இருக்குதுங்க. எடுத்துக்கிட்டுப் போலாமுன்னு வந்தனுங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இடுப்பைப் பார்த்தாள். நெடும்பயணத்தில் சுருட்டு நெகிழ்ந்து, கல்லின் ஒரு முனை, மயில்கழுத்து நிறத்தில் வியர்வை பட்டு, நன்றாகவே வெளியே தெரிந்தது. அவனுக்கு அது தெரியாது. அவள் முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, கத்தியைக் கழுவி வைத்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க, தேடுவோம்," என்றாள்.

தேடினார்கள். விறகு அடுக்கை ஒவ்வொரு கட்டையாக இறக்கித் தேடினார்கள், மறுபடி அடுக்கினார்கள். அரிசி டிரம்முக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினார்கள். கொல்லையில் கீரைப்பாத்தியில் பார்த்தார்கள், வாழைக்கு அடியில் பார்த்தார்கள், ஆற்றங்கரைப் படியில் இறங்கித் தண்ணீருக்குள்ளும் பார்த்தார்கள். அங்கே உட்கார்ந்து கொஞ்சநேரம் கட்டுச்சோறு சாப்பிட்டார்கள். யார் கட்டியது என்று கேட்டாள், பாவாத்தாளைப் பற்றிச் சொன்னான். மறுபடி தேடினார்கள். வேலைக்கு வந்த பெண்கள் என்ன காணோம் என்று கேட்க, ஒரு நல்ல கல் என்று அவள் சொன்னாள். வெயில் இறங்கியது. ரோட்டில் கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, நின்று, பார்த்து, போயிற்று. இரண்டு பேரும் அது போகிற சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் கவிழ்த்து அடுக்கியிருந்த அண்டாக்களை அவள் கையால் காட்டினாள்.

"இதுக்கு அடியில எல்லாம் இன்னும் பாக்கவே இல்லைங்க. இன்னைக்குள்ள முடியாது. நாளைக்குந்தான் தேடணும்."

"ஆமாங்க," என்றான் சென்னியப்பன். "சின்னக் கல்லுங்க. அவ்வளவு சீக்கிரம் கெடைக்காதுங்க."

அவள் பூசணிப் பத்தைகளை அள்ளிக்கொண்டு அடுப்பு மூட்டப் போனாள்.